நான்கு சுழியம்

மூன்று நாளாக ஒரு மெயிலும் போகவில்லை
என்று போனில் கத்தினார் கஜபதி.
நான் காலடிப்பேட்டையிலிருந்து கிளம்பி
தொண்டியார்பேட்டை வர மணி ஒன்பதரை.
கடலோரச் சாலையில் கண்டெய்னர் லாரிகள்
ஒன்றன் முதுகை ஒன்று முகர்ந்தபடி
காசிமேடு வரை நின்றிருந்தன.
என் ஸ்கூட்டிக்கு மட்டும் சந்து இருந்தது.

சர்வர் மேசைக்கடியில்.
தலைமேல் ரப்பர் ஸ்டாம்ப் டப்பா,
பக்கத்தில் யாரோ கழற்றிவிட்ட செருப்பு.
வெளியே போகக் காத்திருந்தவை
நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
அதில் கஜபதியின் கடிதம் ஒன்பது.
மற்றதெல்லாம்
வழுக்கைக்கு மருந்து, லாட்டரிப் பரிசு,
செத்துப்போன ஏதோ மந்திரியின் விதவை,
அன்பே உன் படம் பார்த்தேன்.
எங்கிருந்தோ வந்து எங்கேயோ போக
இந்த வாசலை மிதித்தவை.

எனக்கு முன்னால் வந்துபோனவன்
நம்பத்தகுந்தவர் என்ற இடத்தில்
நான்கு சுழியம் போட்டிருந்தான்,
நடுநடுவே புள்ளி,
கடைசியில் ஒரு சாய்கோடு, இன்னொரு சுழியம்.
உலகமே நம்ம ஆள் என்று அர்த்தம்.

"அந்தப் பையன்தாம்மா சொன்னான்,
எல்லாத்தையும் உட்டுடு சார், அப்பதான் ஸ்பீடா போவும்னு."
"ஜீரோ கேட்டுல பாஸ் இல்லாம உங்கள உடுவாங்களா?"
"என் டிரைவரையே உடல.
போட்டோல மீசை இருக்குது, மூஞ்சில இல்லன்னு."
"இங்க நாலு ஜீரோ சார். ஒருத்தரும் பாஸ் கேக்கல."
அவர் சிரிக்கவில்லை.
குளிர்ப்பெட்டியில் இறால் நிற்கிறது,
ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று
காலண்டர் ஓரத்தில் கூட்டிக்கொண்டிருந்தார்.

சுழியங்களை அழித்தேன்.
அந்த இடத்தில் இந்த அறையின் ஆறு கணினிகள், அவ்வளவுதான்.
வெளியிலிருந்து அனுப்புகிறவருக்குப் பாஸ்வேர்ட்.
(டெல்பினின் பாஸ்வேர்ட் டெல்பின்.
அதையும் மாற்றவைத்தேன்.)
வருகிறவன் பெயரைக் கறுப்புப் பட்டியலில்
தேடிப்பார்த்த பிறகே கதவைத் திற என்றேன்.
அதே பட்டியலில் நாங்களும் இருந்தோம்.
எடுத்துவிடக் கோரிப் படிவம் நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
மடத்தனம் என்பதற்கு மரியாதையான சொல் கிடைக்க
கால்மணி நேரம் ஆனது.

பிறகு அந்தச் சின்னத் தந்திரம்:
முன்பின் தெரியாத யார் வந்தாலும்
இப்போ முடியாது, அப்புறம் வா என்பது.
ரேஷன் கடையில் எனக்கு ஐந்து வயதில் மனப்பாடமான வாக்கியம்.
அசல் சர்வர் கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வரும்.
குப்பை கொட்டுகிறவனுக்கு ஏது நேரம்,
அடுத்த வாசலுக்குப் போய்விடுவான்.

இரவு இரண்டு மணி.
லாக்கில் வரிவரியாக மறுப்பு ஓடியது,
மழை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பி
அழுகின முட்டை நாற்றம் வந்தது.
டெல்பின் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

ஒன்று ஐந்துக்கு ஒரு முகவரி வந்திருக்கிறது.
அப்புறம் வா என்றிருக்கிறோம்.
வரவில்லை.
குப்பை போலவும் தெரியவில்லை.
கடிதம் உள்ளே வரவேயில்லை என்பதால்
உறையின் மேல் இருந்த பெயர்தான் மிச்சம்.

டெல்பின் குனிந்து படித்தாள்.
"ஐயோ, இது நம்ம குக்கு.
வெளிய நங்கூரத்துல நிக்குது பாருங்க ஒரு கப்பல்,
முதலாளி கைகழுவிட்டு நாப்பது நாள் ஆச்சு.
ராத்திரி ரெண்டு நிமிஷம்தான் அவங்களுக்கு லைனு."

அந்தப் பெயரைக் கையாலேயே
விடலாம் என்ற பட்டியலில் எழுதினேன்.
சர்வரை மறுபடி எழுப்பினேன்.
அவனுடைய அடுத்த இரண்டு நிமிடம்
நாளை இரவு.

கஜபதி நாற்காலியிலேயே தூங்கியிருந்தார்.
டெல்பின் அவர் சட்டைப்பையிலிருந்து
பேனாவை மெல்ல உருவி
நோட்டில் எழுதினாள்:
காலை லாஞ்ச்சில் தண்ணீர், இருபது கேன்.
பதில் போடுவதற்கு
அவளுக்குக் கடிதம் வேண்டியிருக்கவில்லை.

நான் கீழே இறங்கியபோது
லாரி வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்திருந்தது.